இதய வால்வு ஆபரேஷனும் முதலமைச்சர் காப்பீடும்: தேதி குறிக்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

"வால்வு சுருங்கியிருக்கு, இப்போதைக்கு மாத்திரை போதும், ஆறு மாசம் கழிச்சு எக்கோ ஸ்கேன் எடுப்போம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியதும் வீட்டில் பலர் காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். காகிதங்களைச் சரிசெய்ய வேண்டியது அந்த ஆறு மாதத்தில்தான். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் (ருமாட்டிக் ஃபீவர்) பழுதாகும் இதய வால்வு வருடக்கணக்கில் மெதுவாகக் கெடுகிறது. ஆனால் மூச்சிரைப்பு முற்றி வார்டில் சேர்ந்த பிறகு ரேஷன் கார்டில் பெயர் திருத்தக் கிளம்பினால் அந்த அவகாசம் வீணாகிவிடும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 முதல் நடக்கிறது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இலங்கைத் தமிழர் முகாம்களில் வசிப்போருக்கு இந்த வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இது மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்த தொகை. அதே ஆண்டில் அப்பாவுக்குப் பெரிய சிகிச்சை நடந்திருந்தால் மகளுக்கு மீதிதான் இருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பலூன் மூலம் வால்வை விரிப்பது, வால்வைப் பழுதுபார்ப்பது, மாற்றுவது மூன்றும் திட்டத்தில் உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று சொல்லி இதில் யாரையும் ஒதுக்க முடியாது.

இளம் வயதினரை மாட்டிவிடும் விதி ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கக்கூடியது வேலை கிடைக்கும் வரை, கல்யாணம் ஆகும் வரை, 25 வயது நிறையும் வரை. இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். 24 வயதில் "அடுத்த வருஷம் பண்ணிக்கலாம்" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட நினைப்பவர்கள் இந்த விதியையும் கணக்கில் எடுக்க வேண்டும். தள்ளிப்போடலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எப்போது 25 முடிகிறது என்பதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவருக்கு அது தெரிந்திருக்காது.

கல்யாணமான பெண்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அம்மா வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்கியிருப்பார்கள், கணவர் வீட்டுக் கார்டில் இன்னும் சேர்த்திருக்க மாட்டார்கள். இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பெண் எந்தக் காப்பீட்டிலும் இல்லை. புதிதாக வேலைக்குப் போனவர்களுக்கும் இதே கதிதான். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ காப்பீடு உண்டு, ஆனால் இதய ஆபரேஷன் போன்ற உயர் சிகிச்சைக்கு அங்கே குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் சேரும் நாளிலேயே இதைக் கேட்டு வையுங்கள்.

18 வயதுக்குள் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்பிஎஸ்கேயின் கீழ் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பார்க்கும் நோய்களில் வாதக் காய்ச்சல் இதய நோயும் ஒன்று. அந்தக் குழு எழுதிக் கொடுத்தால் மாவட்டத்தில் உள்ள டிஇஐசி (குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம்) மேல்சிகிச்சைக்கு அனுப்பும்.

பதிவு செய்யும் இடம் மாவட்ட கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையம். வருவாய்த் துறை கொடுக்கும் வருமானச் சான்று, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துப் போங்கள். வேலை நின்றுபோவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் 'முத்துலட்சுமி', ரேஷன் கார்டில் 'முத்துலெட்சுமி'. ஒன்றில் இனிஷியல் இருக்கும், மற்றதில் இருக்காது. பிறந்த தேதி ஒன்றில் வருடம் மட்டும் இருக்கும். படிக்கிற நமக்கு ஒரே ஆள்தான், கணினிக்கு இரண்டு பேர். ஆதாரை முதலில் திருத்தி, அதை வைத்து ரேஷன் கார்டைத் திருத்தி, அதன்பின் காப்பீட்டு மையத்துக்குப் போவதே சரியான வரிசை. மாற்றிச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டும்.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது 'திட்டத்தில் இருக்கிறதா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இதய ஆபரேஷனுக்கு அனுமதி பெற்றதா' என்று கேளுங்கள். ஒவ்வொரு சிகிச்சைப் பிரிவுக்கும் அங்கீகாரம் தனித்தனி. உள்ளே திட்டத்துக்கென்று ஒரு கவுன்ட்டர் இருக்கும். அவர்கள் எக்கோ ரிப்போர்ட், டாக்டரின் குறிப்பு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி முன் அனுமதி கேட்பார்கள். பழைய எக்கோவைக் கொடுத்தால் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். புதிதாக எடுத்ததையே கொடுங்கள்.

அனுமதி வந்தும் தேதி தள்ளிப்போக ஒரு காரணம் பல். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தம் வழியாகப் புது வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பல் டாக்டரின் சான்று இல்லாமல் பொதுவாக ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். பல் வேலையை ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். வால்வு நோய் இருப்பதைப் பல் டாக்டரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.

இது பணம் கட்டாத சிகிச்சை. படுக்கை, மருந்து, சாப்பாடு, பொருத்தும் வால்வு எல்லாம் திட்டம் கட்டும் தொகையில் அடக்கம். "நல்ல வால்வு போடணும்னா மேல கொஞ்சம் கட்டணும்" என்று யாராவது கேட்டால் எழுத்தில் கேளுங்கள், 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். அங்கும் தீராவிட்டால் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். உள்நாட்டு வால்வு என்றால் மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 முதல் பொருத்தப்படுகிறது.

எந்த வகை வால்வு என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும். திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இளம் உடலில் சீக்கிரம் தேயும், மறுபடி ஆபரேஷன் வரும். குழந்தை பெற நினைக்கும் பெண் இதை ஆபரேஷனுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை கருவின் முதல் மூன்று மாதங்களில் குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் செலவைப் பலர் யோசிப்பதில்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு ஏறக்குறைய மாதம் ஒருமுறை. தனியார் லேபில் வருடக்கணக்கில் கொடுத்துக் கட்டுப்படியாகாது. பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வெளிநோயாளியாகப் பதிந்து, பரிசோதனையும் மாத்திரையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாதக் காய்ச்சல் இருந்தவர்களுக்கு 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி ஆபரேஷனோடு நின்றுவிடாது. எதுவரை என்று டாக்டர்தான் சொல்வார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் வால்வின் பெயர், அளவு, பொருத்திய தேதி எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். காப்பீட்டு அட்டையின் நகலோடு அதையும் போனில் படமெடுத்து வையுங்கள். உலோக வால்வு போட்டவர்களுக்கு அமைதியான அறையில் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். மாத்திரை விட்டுப்போய் அந்தச் சத்தம் மங்கினாலோ மூச்சிரைத்தாலோ வால்வில் ரத்தக்கட்டி சிக்கியிருக்கலாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அவசர சிகிச்சைக்கான அனுமதியைக் கவுன்ட்டரில் உடனே கேட்கலாம்.