பிற்பதிப்பு இணக்கம்: சொல் விளக்கம்

வழங்கியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு உயர்த்திய பிறகு, ஏதோ ஒரு பயன்பாடு அதில் ஓட மறுப்பதால் பழைய பதிப்புக்கே திரும்ப நேர்வது கணினி நிர்வாகிகளுக்குப் புதிதல்ல. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் 8-ஆம் பதிப்பிலிருந்து 7-க்குத் திரும்புகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் இயங்குதளம் இருந்த வட்டை அழித்து 7-ஐப் புதிதாக நிறுவுகிறார். 8-இல் இருந்தபோது ஃபார்மட் செய்த தரவு வட்டைத் தொடாமல் விட்டுவைக்கிறார். நிறுவல் முடிந்து அந்த வட்டை மவுன்ட் செய்யும்போது, அதாவது கோப்புகளை அணுகுவதற்காக இணைக்கும்போது, கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பின்) விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கில் தனக்குத் தெரியாத வசதி இருப்பதாகவும், இந்தக் கோப்பு முறைமையை வாசிப்பதற்கு மட்டுமே பாதுகாப்பாக மவுன்ட் செய்ய முடியும் என்றும் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல் செய்தி காட்டி நின்றுவிடுகிறது. வட்டில் பழுது எதுவும் இல்லை, தரவில் ஒரு பைட்டும் தொலையவில்லை. இந்த நிலையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இந்தக் குறிப்பின் பொருள்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற சொல், சேர்ந்து தாங்குதல், உடன் துன்புறுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பியத் திருச்சபையில், ஒரே குருவானவர் வேறொரு பதவியோடு சேர்த்து வகிக்கத் தக்க மானியப் பதவியைக் குறிக்கவும் இது வழங்கியது. தமிழில் ‘ஒத்திசைவு’, ‘பொருந்துமை’, ‘இணக்கம்’ ஆகிய மூன்றும் இதற்கு ஈடாகப் புழங்குகின்றன. ‘ஒத்திசைவு’ கைபேசிகளிலும் கணினிகளிலும் ‘சிங்க்’ என்பதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், இங்கே அதைக் கொண்டுவந்தால் குழப்பமே மிஞ்சும். ‘பொருந்துமை’ பிழையில்லாத சொல்தான், ஆனால் திருகும் மரையும் பொருந்துவது போன்ற வடிவப் பொருத்தத்தையே அது முதலில் நினைவூட்டுகிறது. ‘இணை’ என்பதோடு உறவுடைய ‘இணங்கு’, ஒன்றை அறிந்து அதனோடு உடன்படுவதைச் சொல்கிறது. ‘இணக்கம் அறிந்து இணங்கு’ என்னும் ஆத்திசூடி அடியில் அந்தப் பொருள் தெளிவாக நிற்கிறது. மவுன்ட் செய்வதற்கு முன் கெர்னல் சூப்பர்பிளாக்கைப் படித்துப் பார்த்துச் செய்யும் வேலையும் அதுவே என்பதால், ‘இணக்கம்’ என்பதையே நான் கொள்கிறேன்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. இணக்கத்துக்குத் திசை உண்டு. புதிய கெர்னல் பழைய வட்டைப் படிப்பது ஒரு திசை, பழைய கெர்னல் புதிய வட்டைப் படிப்பது மறுதிசை. முதலாவதை ஆங்கிலத்தில் ‘பேக்வர்ட்’ என்றும் இரண்டாவதை ‘ஃபார்வர்ட்’ என்றும் சொல்கிறார்கள். இவற்றை ‘பின்னோக்கிய’, ‘முன்னோக்கிய’ என்று அப்படியே தமிழாக்கும்போது பொருள் தலைகீழாகிவிடுகிறது. இடத்தைப் பேசும்போது ‘பின்’ என்பது முதுகுப் பக்கம். காலத்தைப் பேசும்போதோ அது இனி வருவது. முன்னோர் நமக்கு முந்தியவர்கள், பிற்காலச் சோழர் காலத்தால் பிந்தியவர்கள். பதிப்புகள் காலவரிசையில் வருபவை ஆகையால், ‘பின்னோக்கிய இணக்கம்’ என்று படிக்கும் தமிழர் அதைப் பிந்தைய பதிப்போடு உள்ள இணக்கம் என்று புரிந்துகொள்ள முழு நியாயம் உண்டு. இயங்குதளத்தை இறக்கும் வேலையில் இந்தக் குழப்பம் நேரடியாகச் சேதம் விளைவிக்கும். ஏனெனில் கோப்பு முறைமைகள் வழக்கமாக உறுதி தருவது ஒரு திசைக்கு மட்டுமே, இறக்குபவருக்கோ மற்றத் திசைதான் தேவைப்படுகிறது.

ஆகவே எதனோடு இணக்கம் என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. பழைய பதிப்பின் வட்டைப் புதியது படிக்கும் திறனை ‘முற்பதிப்பு இணக்கம்’ எனலாம். புதிய பதிப்பின் வட்டைப் பழையது படிக்கும் திறன் ‘பிற்பதிப்பு இணக்கம்’ ஆகும். ‘முற்கால’, ‘பிற்கால’ என்று நாம் நாள்தோறும் எழுதும் முறையிலேயே இவை அமைவதால் விளக்கம் இல்லாமலே திசை புரியும். ‘டவுன்கிரேடு’ என்பதற்கு வழங்கும் ‘தரமிறக்கம்’ பொருத்தமற்றது, பழைய பதிப்பு தரத்தில் தாழ்ந்தது அல்ல. ‘கிரேடு’ என்பதன் மூலமான லத்தீன் சொல்லுக்குப் படி என்றே பொருள் என்பதால் ‘படியிறக்கம்’ போதும்.

பிற்பதிப்பு இணக்கத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த வடிவமைப்பு, 1993-இல் வெளிவந்த, லினக்ஸின் எக்ஸ்ட்2 கோப்பு முறைமையின் வழியில் வளர்ந்தது. அதன் சூப்பர்பிளாக்கில் வசதிகளைக் குறிக்கும் குறிகள் மூன்று தொகுதிகளாக வைக்கப்பட்டுள்ளன. முதல் தொகுதியில் தெரியாத குறி இருந்தாலும் பழைய கெர்னல் தயங்காமல் எழுதலாம். இரண்டாவதில் இருந்தால் வாசிக்கலாம், எழுதக் கூடாது. மூன்றாவதில் இருந்தால் மவுன்டே செய்யக் கூடாது. தனக்குத் தெரியாதது எது என்பதைக்கூட அறியாத ஒரு நிரல், எவ்வளவு தூரம் போகலாம் என்பதை மட்டும் சரியாக அறிந்துகொள்கிறது. நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்பு இது.

எக்ஸ்எஃப்எஸ் என்னும் மற்றொரு கோப்பு முறைமையின் ஐந்தாம் வடிவமும் இதே ஏற்பாட்டைக் கொண்டது. தொடக்கத்தில் சொன்ன நிர்வாகியைத் தடுத்தது அதன் ரெஃப்லிங்க் என்னும் வசதி. ஒரு கோப்பை நகலெடுக்கும்போது தரவை இரண்டாம் முறை எழுதாமல், இரு கோப்புகளும் ஒரே தரவுக் கட்டங்களைப் பகிர்ந்துகொள்ள அது வழிசெய்கிறது; எந்தக் கட்டத்தை எத்தனை கோப்புகள் பகிர்கின்றன என்ற கணக்குத் தனி மரமாக வட்டில் இருக்கிறது. 8-இல் இது இயல்பாகவே இயங்கியிருக்கும். 7-இன் 3.10 கெர்னலுக்கு அந்த மரம் தெரியாது. கணக்கு அறியாமல் ஒரு கோப்பில் எழுதினால், பகிர்ந்துள்ள மற்றக் கோப்பும் சிதையும். வாசிப்பதில் அந்த ஆபத்து இல்லாததால்தான் குறி இரண்டாம் தொகுதியில் வைக்கப்பட்டிருக்கிறது.

எக்ஸ்ட்2-இன் வழிவந்த எக்ஸ்ட்4-இல் நிலைமை சற்று நுட்பமானது. 2023-இல் வந்த, அதன் கருவித் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.47.0, ஆர்ஃபன் ஃபைல் (நீக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளைக் குறித்துவைப்பது) என்னும் வசதியைப் புதிய வட்டுகளில் இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. அதன் குறி முதல் தொகுதியில் இருப்பதால், ஒழுங்காக அன்மவுன்ட் செய்த வட்டைப் பழைய கெர்னல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பழைய 1.46-இன் சரிபார்ப்புக் கருவி, 12-ஆம் எண் வசதி தனக்குத் தெரியாது என்று மறுத்துவிடுகிறது. பழுதுபார்க்கும் கருவி வட்டின் ஒவ்வொரு அமைப்பையும் புரிந்தாக வேண்டும் என்பதால் அந்தக் கண்டிப்பு சரியே; எனினும் வழங்கி தொடங்கும்போது சரிபார்ப்பு தோற்று, அது வழக்கம்போல் இயங்காமல் பழுதுபார்ப்பதற்கான அவசரநிலைக்குள் விழுந்துவிடலாம். ஒரே வட்டு கெர்னலோடு இணங்கியும் கருவியோடு இணங்காமலும் இருக்கக் கூடுமாகையால், பிற்பதிப்பு இணக்கம் உண்டு என்று எழுதும்போது எதற்கு என்றும் சேர்த்தே எழுத வேண்டும்.

எக்ஸ்ட்4-இல் இந்த வசதியை, புதிய இயங்குதளத்தில் இருக்கும்போதே, வட்டை அன்மவுன்ட் செய்து டியூன்2எஃப்எஸ் கருவியால் நீக்கிவிடலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் ரெஃப்லிங்கை நீக்கும் வழி இல்லை. வாசிப்பு மட்டும் என்ற நிலையில் மவுன்ட் செய்து, தரவை வேறு வட்டுக்கு நகலெடுத்து, பழைய பதிப்பின் கருவியாலேயே மீண்டும் ஃபார்மட் செய்ய வேண்டும். படியிறக்கம் நேரலாம் என்ற ஐயம் முன்பே இருந்தால், புதிய பதிப்பில் ஃபார்மட் செய்யும்போதே ரெஃப்லிங்கை அணைத்துவிடும் விருப்பம் அந்தக் கட்டளையில் உண்டு.