சுற்றுச்சூழல் மன்றம்: பள்ளிக்கு வரும் பணமும் பிள்ளைகளுக்கு உள்ள உரிமையும்

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் மரக்கன்று நடுவதற்கென்றே ஒரு குழி இருந்தது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக விழும் இடம். ஜூனில் ஒரு கன்று வைப்போம். அரையாண்டு விடுமுறைக்குள் ஆடு மேய்ந்துவிடும். அடுத்த ஜூனிலும் அதே குழிதான். பதிவேட்டில் மட்டும் அது தோப்பாக வளர்ந்துகொண்டே போனது. அந்தப் பக்கங்களில் என் கையெழுத்தும் இருக்கிறது.

அந்தக் கன்றுக்கான காசு எங்கிருந்து வருகிறது, எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று பிறகுதான் தேடிப் படித்தேன். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் இரண்டு இடங்களில் சூழலைச் சேர்த்தது. 48அ பிரிவு சூழலைக் காப்பது அரசின் வேலை என்கிறது, 51அ பிரிவு அது குடிமக்களின் கடமை என்கிறது. சரி, கடமை என்றால் அதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டாமா? வழக்கறிஞர் எம்.சி. மேத்தா இதைக் கேட்டுத்தான் உச்ச நீதிமன்றம் போனார். 1991 நவம்பர் 22 அன்று, ஓய்வு பெற இரண்டே நாள் இருந்த தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ராவின் அமர்வு தீர்ப்புச் சொன்னது. சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பது அதன் மையம். திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் சூழல் பற்றிய இரண்டு ஸ்லைடுகளாவது இலவசமாகக் காட்ட வேண்டும், வானொலியும் தொலைக்காட்சியும் தினமும் சில நிமிடம் ஒதுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஸ்லைடு போட்ட காலம் போய்விட்டது. பாடம் மட்டும் தங்கியது, அதுவும் உடனே இல்லை. பல மாநிலங்கள் கண்டுகொள்ளாததால் விஷயம் மறுபடி நீதிமன்றம் போனது. ஒன்றிய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி தயாரித்த பாடத்திட்டத்தை மாதிரியாக வைத்து எல்லா மாநிலங்களும் பள்ளிகளில் நடத்த வேண்டும் என்று 2003 டிசம்பர் 18இல் உத்தரவு வந்தது.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இதற்கெனத் தனித் தேர்வுத்தாள் இல்லை. அறிவியலுக்குள்ளும் சமூக அறிவியலுக்குள்ளும் கலந்து வருகிறது. தனித்தாள் இல்லாததால் கடைசி வாரத்தில் வேகமாகத் தள்ளப்படும் பாடங்களில் இதுதான் முதலில் மாட்டும். கல்லூரியில் நிலைமை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இளநிலைப் படிப்பு அனைத்துக்கும் ஆறு மாதக் கட்டாயப் பாடம் ஒன்று வகுத்தது. 50 வகுப்புகள், 100 மதிப்பெண், அதில் 25 களப்பணிக்கு. ஏரிக்கோ குப்பைமேட்டுக்கோ போய்ப் பார்த்து எழுத வேண்டிய 25 அது. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

இனி பணம். இரண்டு வழியில் வருகிறது, இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பழைய வழி தேசிய பசுமைப் படை. ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-02இல் தொடங்கியது. பள்ளிக்கு ஒரு மன்றம், அதில் 30 முதல் 50 மாணவர்கள், ஒரு பொறுப்பாசிரியர். ஒரு கட்டத்தில் மாவட்டத்துக்கு 250 பள்ளிகள் வரை சேர்த்தார்கள். பணம் பள்ளிக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கி 2,500 ஆகி, பிறகு 5,000 ஆனது. இது மாநிலச் சுற்றுச்சூழல் துறை வழியாக வரும்.

இன்னொன்று கல்வித் துறை வழி. சமக்ர சிக்‌ஷா என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இளைஞர் மன்றத்துக்கும் சூழல் மன்றத்துக்கும் சேர்த்து ஒரு மானியம் உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 வரை, நடுநிலைப் பள்ளிக்கு 15,000 வரை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 வரை. ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது உச்சவரம்பு, முழுத் தொகையும் வந்தே தீரும் என்று பொருளில்லை. சில ஆண்டு வராமலே போகும். 2024-25இல் ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, சமக்ர சிக்‌ஷாவில் ஒன்றிய அரசின் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. மாநில அரசு உச்ச நீதிமன்றப் படி ஏறியது. மேலே நடக்கும் சண்டையில் கீழே மன்றத்துக்கு ஒரு கடப்பாரை வாங்கக்கூடக் காசு இருக்காது.

பெயர்ப் பலகையும் மாறிக்கொண்டே இருக்கும். பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றம், இப்போது ‘மிஷன் லைஃப்’ சூழல் மன்றம். சூழலுக்கு ஒத்த வாழ்க்கைமுறைக்காக ஒன்றிய அரசு நடத்தும் இயக்கமான மிஷன் லைஃபில் ஏழு தலைப்புகள் இருக்கின்றன. மின்சாரம் சேமிப்பு, தண்ணீர் சேமிப்பு, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, உணவு, குப்பை குறைப்பு, ஆரோக்கிய வாழ்க்கை, மின்கழிவு. மரக்கன்று மட்டும்தான் செலவுக் கணக்கில் ஏறும் என்று எங்கேயும் இல்லை. ஏழில் முதலாவதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காற்றாடி எண்ணச் சொன்னேன். பத்து வகுப்பறை, அறைக்கு இரண்டு, மொத்தம் 20. பழைய காற்றாடி ஒன்று 75 வாட். எல்லாம் சுற்றினால் 1,500 வாட், அதாவது மணிக்கு ஒன்றரை யூனிட். ஏழு மணி நேரத்துக்குப் பத்தரை யூனிட். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, நம் பள்ளியில் காற்றாடி சுற்ற ஒரு நாளைக்கு ஏழு கிலோவுக்கு மேல். வகுப்பில் எங்கே புகை வருகிறது என்றான் ஒருவன். நெய்வேலியில் வருகிறது, மேட்டூரில் வருகிறது என்றேன். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது என்று பாடப்புத்தகத்தில் படிக்கும்போது மனதில் நிற்காது. தலைக்கு மேல் சுற்றுவதை வைத்துச் சொன்னால் நிற்கிறது.

அடுத்து, இதைச் சூரிய மின்சாரத்தில் ஓட்ட எத்தனை பேனல் வேண்டும்? ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளுக்குச் சுமார் நாலு யூனிட் தரும், மொட்டை மாடியில் 100 சதுர அடி எடுக்கும். பத்தரை யூனிட்டுக்கு இரண்டரை கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் காற்றாடிகளை குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் தேவை 4.2 யூனிட்டாக இறங்கிவிடும், ஒரு கிலோவாட்டே ஏறக்குறையப் போதும். முதலில் காற்றாடி, அப்புறம் பேனல். பிள்ளைகளே கண்டுபிடித்ததால் அதற்குமேல் நான் விளக்கவில்லை.

மன்றப் பணத்தில் ஒரு 10 வாட் பேனலும் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கினோம். இரண்டும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிட்டது. உச்சி வெயிலில் வைத்த பேனல் 19 சொச்சம் வோல்ட் காட்டியது. ஈரத்துணியால் துடைத்துக் குளிரவைத்ததும் 20ஐத் தாண்டியது. வெயில் அதிகம் அடித்தால் மின்சாரம் அதிகம் என்று நினைத்திருந்த பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. அதன் திறனை 25 டிகிரியில் வைத்துத்தான் அச்சடிக்கிறார்கள். சித்திரை மாதம் மொட்டை மாடியில் பேனல் 60 டிகிரிக்குப் போனால் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு உற்பத்தி குறையும்.

காசே வேண்டாத பாடம் ஒன்றும் உண்டு. மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு நண்பகல் நிழலை அளப்பது. சென்னையில் டிசம்பர் 21 அன்று நிழல் வடக்கே முக்கால் மீட்டர் நீளும். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நிழலே இருக்காது. கன்னியாகுமரியில் அது ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். ஏப்ரல் தேதி தேர்வோடும் விடுமுறையோடும் போய்விடும், மேகம் வழிவிட்டால் ஆகஸ்ட்தான் பள்ளிக்கு வசதி. கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்த சில நிமிடம் கழித்துப் பாருங்கள், நம் உண்மையான நண்பகல் அப்போதுதான். “டீச்சர், குச்சிக்கு நிழலே காணோம்” என்று ஒருத்தி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி நிழல் வடக்கே விழுகிறது, அதாவது சூரியன் தெற்கே நிற்கிறது. பேனலை ஏன் தெற்கு பார்த்துச் சாய்க்கிறார்கள் என்பதைத் தனியாக நடத்தத் தேவையில்லாமல் போயிற்று.

பெற்றோர் என்ன செய்யலாம்? கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதி பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: இந்த ஆண்டு சூழல் மன்றத்துக்கு எவ்வளவு வந்தது, பொறுப்பாசிரியர் யார், என்ன வாங்கினீர்கள், அந்தப் பொருள் எங்கே? தலைமை ஆசிரியரைச் சங்கடப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். மல்டிமீட்டர் வாங்கலாமா என்று தயங்கும் ஆசிரியருக்குக் குழுவின் தீர்மானம் ஒன்று இருந்தால் தணிக்கையில் தைரியம் வரும். என் கதையும் அப்படித்தான் நடந்தது. வவுச்சரோடு தீர்மான நகலையும் சேர்த்து வையுங்கள், பயன்பாட்டுச் சான்று கேட்கும்போது அலைய வேண்டாம்.

நன்றாகச் செய்யும் பள்ளிக்கு வேறு வாய்ப்பும் இருக்கிறது. பிளாஸ்டிக்கை ஒழித்து மாற்றுப் பொருளுக்கு மாறிய பள்ளிகளுக்குத் தமிழ்நாடு அரசு மஞ்சப்பை விருது தருகிறது. முதல் பரிசு 10 லட்சம், அடுத்தவை 5 லட்சம், 3 லட்சம்.

பிள்ளைகள் வீட்டில் போய்ப் பேச ஆரம்பித்தால் அப்பா கேட்பது ஒன்றுதான்: நம்ம மாடியில் போட்டால் அரசு எவ்வளவு தரும்? அது பள்ளித் திட்டம் அல்ல, 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டம், வீட்டு இணைப்புக்கு மட்டும். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றோ அதற்கு மேலோ போனால் 78,000 ரூபாய். பேனலைப் பொருத்தி, மின்வாரியம் வந்து பார்த்து மீட்டர் மாற்றிய பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் பணம் நாமே போட வேண்டும், அல்லது வங்கிக் கடன்.

இதை வகுப்பில் சொல்லும் முன் எல்லோரையும் வீட்டு மின்கணக்கு அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்து, யாருக்கு லாபம், யாருக்கு இல்லை என்று கணக்குப் போடச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் முதலில் முடித்துவிட்டு எழுந்தாள்.

“எங்க வீட்டுக்கு இது வேண்டாம் டீச்சர். நாங்க தொண்ணூறைத் தாண்ட மாட்டோம். ஏசி போட்டிருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க.”