ரயில் தொழிலாளியின் காயத்துக்கு இழப்பீடு: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பு

அமெரிக்காவில் பெரும்பாலான தொழிலாளர்கள் பணியில் காயமடைந்தால், தவறு யாருடையது என்று பார்க்காமலேயே மாநில இழப்பீட்டுத் திட்டம் அவர்களுக்கு ஒரு வரையறுத்த தொகையை வழங்குகிறது. மாநிலங்களுக்கிடையே இயங்கும் ரயில் நிறுவனங்களின் ஊழியர்களுக்கு வழி வேறு. 1908-ஆம் ஆண்டின் கூட்டாட்சி முதலாளிகள் பொறுப்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் வழக்குத் தொடுத்து, நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபித்தாக வேண்டும். நிரூபித்துவிட்டால், இழந்த ஊதியத்தோடு, பட்ட வலிக்கும் வேதனைக்கும் சேர்த்தே இழப்பீடு கோரலாம்.

அந்தக் கவனக்குறைவுக்கும் காயத்துக்கும் எவ்வளவு தொடர்பு இருந்தால் போதும் என்பதுதான் சிஎஸ்எக்ஸ் ரயில் நிறுவனத்தின் வழக்கில் எழுந்த கேள்வி. அதன் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர், தமக்குத் தரப்பட்ட எஞ்சின் தொகுப்பு பாதுகாப்பற்றது என்று 2004-இல் முறையிட்டும், அதையே ஓட்டுமாறு பணிக்கப்பட்டார். கையால் இயக்கும் பிரேக்கைப் பல மணி நேரம் பயன்படுத்திய நிலையில் அவர் கையில் காயம் ஏற்பட்டது. இரண்டு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் கை முழுமையாகக் குணமாகவில்லை. காயம் நேர்ந்ததில் நிறுவனத்தின் கவனக்குறைவுக்கு எவ்வளவு சிறிய பங்கு இருந்தாலும் போதுமானது என்று ஜூரிக்கு (வழக்கின் உண்மைகளை முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவுக்கு) சொல்லப்பட்ட விளக்கத்தை, 2011 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது.

கவனக்குறைவு இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்று இத்தீர்ப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்வது வருத்தத்துக்குரியது. கவனக்குறைவே இல்லாத நிறுவனம் இழப்பீடு தரத் தேவையில்லை. தளர்வு, அந்தக் கவனக்குறைவு காயத்துக்குக் காரணமானதா என்பதை நிறுவுவதில் மட்டுமே உள்ளது. அதேபோல், தொழிலாளியிடமும் தவறு இருந்தால் உரிமை பறிபோவதில்லை, அந்த விகிதத்தில் தொகைதான் குறையும். இவ்வழக்கிலேயே ஜூரி 2,75,000 டாலர் என மதிப்பிட்ட இழப்பு, ஓட்டுநரின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தவறைக் கழித்து, 1,84,250 டாலரானது. பாதுகாப்புச் சட்டமொன்றை நிறுவனம் மீறியதும் காயத்துக்குக் காரணமாக இருந்தால், இந்தக் கழிவும் கிடையாது.

வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். பொறுப்பிலிருந்து நிறுவனத்தை முன்கூட்டியே விடுவிக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் காயமடைந்த பிறகு சமரசமாகக் கையெழுத்திடும் ஆவணம் செல்லக்கூடும் என்பதால், வழக்கறிஞரைக் கேட்காமல் அதில் கையெழுத்திடக் கூடாது.