அழுந்தாத பொத்தான்

ஐபோன் 7 கைக்குக் கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். திரைக்குக் கீழே உள்ள வட்டப் பொத்தானை அழுத்தினால், 'டக்'கென்று உள்ளே போய் வருவது விரலுக்குத் தெரியும். போனை அணைத்துவிட்டு அதையே அழுத்துங்கள். கல்லை அழுத்துவது போலிருக்கும். 2016இல் வந்த அந்த மாடலில் பொத்தான் உள்ளே போவதே இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டே மேக்புக் டச்பேடில் இந்த உத்தி வந்துவிட்டது. கண்ணாடித் தகட்டின் நான்கு மூலைகளிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள். அடியில் மின்காந்தச் சுருள்கள். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் மின்காந்தம் தகட்டைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டும். விரலைத் தளர்த்தும்போது இன்னொரு வெட்டு. நான் அசந்துபோனது இங்கேதான்: தகடு அசைவது பக்கவாட்டில். ஆனால் விரலோ, கீழே போனது என்று அடித்துச் சொல்கிறது!

காரணம் தோலுக்குள் இருக்கிறது. 1831இல் இத்தாலியின் பிஸ்டோயா நகரில் மருத்துவ மாணவர் பிலிப்போ பாசினி, ஒரு கையை அறுத்து ஆராய்ந்தபோது, நரம்புகளை ஒட்டி முட்டை வடிவில் சின்னஞ்சிறு மணிகளைக் கண்டார். நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். வெறும் கண்ணுக்கே தெரியும். நடுவில் ஒரு நரம்பு முனை, சுற்றிலும் வெங்காயம் போல அடுக்கடுக்காகச் சவ்வு. அழுத்தி அப்படியே வைத்திருந்தால் அடுக்குகள் நெகிழ்ந்து அழுத்தத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ளும், நரம்பு பேசாமலிருக்கும். அதிர்வு மட்டும்தான் நடுவரை எட்டும். விநாடிக்கு 200 முதல் 300 முறை அதிர்ந்தால், மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அசைவுகூட அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் அதிர்வு எந்தத் திசையில் வந்தது என்பது பிடிபடாது. விரல் கீழ்நோக்கி அழுத்துகிறது, அதே கணத்தில் ஓர் அதிர்வு வருகிறது. பொத்தான் இறங்கியது என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது.

பழைய போன்களால் இது முடியாது. ஒருபக்கம் கனத்த எடையைச் சுழற்றும் மோட்டார் அவற்றில் இருந்தது. அது வேகம் பிடிக்கவும் ஓயவும் நேரமாகும். 'டர்ர்ர்' வரும், 'டக்' வராது.

ஆனாலும் பாசினியின் மணி, தொடுகையை உணரும் நான்கு முக்கிய வகைகளில் ஒன்றுதான். மேடு, விளிம்பு, புள்ளி ஆகியவற்றை உணர்த்துபவை மெர்க்கெல் செல்கள். பிரெய்ல் படிக்கும் விரல் பெரிதும் நம்பியிருப்பது இவற்றைத்தான். வழுவழுப்பான கண்ணாடியை எவ்வளவு அதிர வைத்தாலும் அதில் ஒரு பிரெய்ல் புள்ளி முளைக்காது. அதனால்தான் பார்வையற்றோருக்கான மின்னணு பிரெய்ல் கருவிகளில், ஓர் எழுத்துக்கு 8 என்ற கணக்கில், ஊசிகள் நிஜமாகவே எழுந்து அமிழ்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீங்கான் பட்டைகள் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்குகின்றன. அந்தக் கருவிகள் இன்னும் பலருக்கு எட்டாத விலையில் இருப்பதற்கு இந்த ஊசிகளே பெரிய காரணம்.