சாமி படத்துக்கு ஒரு திரை

ஈரோட்டில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். என்னைப் பார்க்க வரும் இளம் தம்பதிகளில் பலர் "இன்னும் குழந்தை நிக்கலைங்க" என்றுதான் வருவார்கள். கூடவே மாமியாரோ அம்மாவோ இருப்பார். ஸ்கேன், தைராய்டு, விந்தணுப் பரிசோதனை என்று பை நிறைய ரிப்போர்ட் இருக்கும். ஒரு கேள்வியை மட்டும் அதுவரை யாரும் சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள். "சேர்ந்துதானே இருக்கீங்க?" என்றால் "சேர்ந்துதானுங்க இருக்கறோம்" என்று பதில் வரும். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று அர்த்தம். இந்தப் பதிலை நம்பி நானே ஒருமுறை ஆறு மாதம் மாத்திரை எழுதியிருக்கிறேன். இப்போதெல்லாம் பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, உடலுறவு நடந்திருக்கிறதா என்று நேராகவே கேட்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). திருமணமாகி இரண்டு ஆண்டு. கணவர் பொறுமையானவர். "அவர் பக்கத்துல வந்தாலே உடம்பு தானா இறுகிக்குதுங்க டாக்டர்" என்றார். பேசப் பேச இன்னொன்றும் வந்தது. இரண்டே அறை கொண்ட வீடு. பூஜை அலமாரி படுக்கையறையில்தான். பழனி முருகன், பண்ணாரி அம்மன், குலதெய்வம் எல்லாம் அங்கேதான். "விளக்க அணைச்சாலும் சாமி பாத்துட்டே இருக்கற மாதிரி இருக்குதுங்க."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெண்ணின் பத்து வருடம் கண்முன் வந்து போனது. வயதுக்கு வந்த அன்றே தனியாக உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். திரட்டிச் சீர் என்கிற பூப்புச் சடங்கு முடிந்த பிறகும் மாதம் மூன்று நாள் 'தூரம்'. பூஜை அலமாரிப் பக்கமே போகக் கூடாது. தன் உடம்பின் ஒரு பகுதி தீட்டு என்பதை அவர் யார் சொல்லியும் கற்கவில்லை. எங்கே நிற்கலாம், எதைத் தொடலாம் என்று பழகிப் பழகியே கற்றார். அப்புறம் ஒரு நாள், எங்கள் பக்கத்தில் கல்யாணச் சடங்குகளைச் செய்து வைக்கும் அருமைக்காரர் வந்து ஒவ்வொரு சீராக நடத்தி வைக்கிறார், மங்கல வாழ்த்து பாடுகிறார்கள், இரவு கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். அதே உடம்பு இனி மங்கலம் என்று யாருமே அவரிடம் சொல்லவில்லை.

அவருக்கு இருந்தது யோனி இறுக்கம். இடுப்பின் அடித்தளத் தசைகள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும். அது பிடிவாதமும் அல்ல, கணவனைப் பிடிக்காததும் அல்ல. தூசி பறந்தால் கண் மூடிக்கொள்வதைப் போல, பயத்தில் உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. குணப்படுத்த முடியும். முதலில் சில வாரம் உடலுறவு முயற்சியையே நிறுத்தச் சொன்னேன். மூச்சுப் பயிற்சி, தசையைத் தளர்த்தும் பயிற்சி, பிறகு தன் விரலால் தானே பழகுவது, பிறகு யோனிக்குள் வைத்துப் பழகும் விரிப்பான்கள், சிறியதிலிருந்து பெரியதாக. இதற்கு மாதக்கணக்கு ஆகும்.

அலமாரிக்கு என்ன செய்வது? "கோயில்ல பள்ளியறை பூஜை பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். பார்த்திருந்தார். மாமியார் குழந்தை வேண்டி அதற்குப் பால்கூட வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சிவன் கோயிலில் இரவு கடைசியாக சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் வைத்துப் பள்ளியறைக்குக் கொண்டு போவார்கள். அம்மன் அங்கே இருப்பாள். பால் நிவேதனம் செய்து, பாடி, கதவைச் சாத்துவார்கள். நம் சாமிக்கே பள்ளியறை உண்டு. அவர்களுக்கும் கதவு சாத்துகிறோம். திருச்செங்கோட்டில் மூலவரே பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் ஒரே உடம்பாக நிற்கிறார். கணவன் மனைவி நெருக்கத்தைத் தீட்டென்று சொல்லும் மரபு மட்டுமே நம்முடையது என்று எப்படி நினைத்துக்கொண்டோம்? அந்த வாரமே கணவர் அலமாரிக்கு ஒரு கயிறு கட்டித் திரை போட்டார். இரவில் மூடி, காலையில் விளக்கேற்றும்போது திறப்பார்கள். ஆறாவது மாதம் இருவர் மட்டும் வந்தார்கள், நன்றாக இருந்தார்கள்.

ஆண்களுக்கு வேறு மாதிரி. ஒருவர் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை விரதம், பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி, பிறகு ஆடிக்கு மனைவி தாய் வீடு. பக்தி உண்மைதான். ஆனால் முதல் இரவில் விறைப்பு வரவில்லை என்ற பயத்தை அந்த விரதங்களுக்குள் ஒளித்து வைத்திருந்தார். காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அப்படியானால் பெரும்பாலும் பதற்றம்தான் காரணம். சர்க்கரையை மட்டும் சோதித்துக்கொண்டோம். "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்று கேட்டு வளர்ந்தவர் அவர். விந்து சேமித்து வைக்கிற பொருள் அல்ல, உடம்பு அதை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. சுயஇன்பத்தால் ஆண்மை போகாது. இது தெரியாமல் லாட்ஜில் ரூம் போட்டு மருந்து விற்பவர்களிடம் மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆடியில் பிரித்து வைப்பதோடு எனக்குச் சண்டை இல்லை. புதுப்பெண்ணுக்கு அம்மா வீட்டில் ஒரு மாத ஓய்வு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் "புருசன் கூப்பிட்டா மறுக்கறது பாவம் கண்ணு" என்று சாமி பெயரில் சொல்லி அனுப்பும் அம்மாக்களோடு எனக்குச் சண்டை உண்டு. வலிக்கிறது என்று மகள் சொன்னால் நிறுத்த வேண்டும். வேண்டாம் என்றாலும் நிறுத்த வேண்டும். வலியோடு தொடர்ந்தால் இறுக்கம் கூடும், பயமும் கூடும். முதல் இரவில் ரத்தம் வரவில்லை என்று ஒரு பெண்ணைச் சந்தேகிப்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. கன்னிச் சவ்வு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி, பலருக்கு ரத்தமே வராது.

திருமணமாகிச் சில மாதமாகியும் உறவு முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். இருவரும் சேர்ந்து வாருங்கள். பெரியவர்கள் வீட்டில் இருக்கட்டும். மகப்பேறு மருத்துவரையோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவையோ பார்க்கலாம். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைத்து மனநல ஆலோசகரிடம் இலவசமாகப் பேசலாம். முன்பதிவு செய்யும் இடத்தில் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். "டாக்டர்கிட்ட சொல்லிக்கறேனுங்க" என்றால் போதும்.