வயதை மட்டும் கேட்டு விதைநெல் வாங்காதீர்கள்

வைகாசிக் கடைசியில் ஒரு பெரியவர் என்னைத் தம் வயலுக்கு அழைத்துப் போனார். பம்பு செட் தண்ணீரில் தை மாதம் விதைத்த பாரம்பரியச் சம்பா நெல். பயிர் இடுப்புயரம், கரும்பச்சை. ஒரு கதிர் இல்லை. "135 நாள் வயசுன்னு சொல்லித்தான் சார் குடுத்தாங்க. யூரியாகூட இன்னொரு மூட்டை போட்டுப் பார்த்துட்டேன்" என்றார். விதைப்பிலிருந்து அறுவடை வரையிலான நாள்தான் நெல்லின் வயது. ஒரு தூரைப் பிடுங்கிக் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே இளங்கதிரின் அடையாளமே இல்லை, வெறும் இலைக்குருத்துதான். போலி விதை என்று ஊருக்குள் பேச்சு. விதை நல்ல விதைதான், பட்டம்தான், அதாவது விதைத்த பருவம்தான் தப்பு.

நெல் இயல்பாகவே குறும்பகல் பயிர், அதாவது பகல் குறுகும்போது பூக்கும் பயிர். தஞ்சாவூர்ப் பக்கம் ஆனியின் நீண்ட பகலுக்கும் மார்கழியின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். நமக்கு உறைக்காத அந்த வித்தியாசம் பயிரின் இலைக்குத் தெரிகிறது. எச்டி1 என்றொரு மரபணு, பகல் குறுகும்போது எச்டி3ஏ என்ற இன்னொன்றை முடுக்கிவிடும். அது உண்டாக்கும் புரதம் இலையிலிருந்து குருத்து நுனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே கதிர் உருவாகும். இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் நெல்லிலேயே காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், பகல் நீளும்போது அதே எச்டி1 தடைக்கல்லாக மாறிவிடும். ஜிஎச்டி7 என்ற மரபணுவும் அந்தத் தடைக்குத் துணை நிற்கும். தையில் விதைத்தால் பயிர் வளர வளரப் பகலும் நீள்கிறது. அப்புறம் எங்கே கதிர் வரும்?

குறுகிய வயது ரகங்கள் பலவற்றில் எச்டி1 பழுதான வடிவில்தான் இருக்கிறது. 1966இல் வந்த ஐ.ஆர்.8 தொடங்கி, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்கள் பரவியதால்தான் ஒரே வயலில் இரண்டு மூன்று போகம் எடுக்க முடிந்தது. ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகங்களிலேயே பழகிய நமக்கு, வயது என்றால் மாறாத எண் என்ற நினைப்பு ஊறிவிட்டது. பட்டத்துக்குக் கட்டுப்பட்ட ரகத்தில் அப்படி இல்லை. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில்தான் பூக்கும். பிந்தி விதைத்தால் வயது சுருங்கும், தூரும் குறையும். ஆகவே விதை கொடுப்பவரிடம் "எத்தனை நாள்?" என்பதோடு "எந்தப் பட்டத்தில் விதைத்து எப்போது அறுத்தீர்கள்?" என்றும் கேளுங்கள்.

கதிர் உருவானதிலிருந்து பூப்பதற்குச் சுமார் 35 நாள், பூத்து முற்ற 30 நாள். இது எல்லா ரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வயதில் 65ஐக் கழித்தால் கதிர் உருவாகும் நாள் வந்துவிடும்: 110 நாள் ரகத்துக்கு 45ஆம் நாள். கதிருக்கான மேலுரத்தை அதை ஒட்டிப் போடுங்கள். பட்டத்து ரகத்துக்கு இந்தக் கணக்கை நம்ப வேண்டாம், தூரைப் பிளந்து பார்த்துப் போடுவதுதான் சரி.

தெருவிளக்கும் நீண்ட பகலைப் போலவே கதிரைத் தடுக்கும். வயலோரக் கம்பத்தின் வெளிச்சம் விழும் வட்டத்தில் மட்டும் கதிர் பிந்தினால் உடனே மருந்தடிக்கப் போகாதீர்கள், இரவில் ஒருமுறை அங்கே நின்று பாருங்கள். இரவு வெளிச்சத்தைப் பயிர் பகலின் நீட்சியாக எடுத்துக்கொள்ளும்.

பெரியவரிடம், பகல் குறுகிய பிறகுதான் இது கதிர் தள்ளும், ஐப்பசிகூட ஆகலாம் என்றேன். அடுத்த வாரமே அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டார். கையில் மிச்சமிருந்த விதையை ஆவணிக்கு எடுத்து வைத்திருக்கிறார்.