காணாமல் போன மிடி போர்ட்

"உபுண்டுவை 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து என் மெய்நிகர் மிடி போர்ட்டுகளைக் காணோம். எப்படியோ திரும்பக் கொண்டுவந்தால், இப்போது கீபோர்டு அழுத்தினால் சத்தம் வரவில்லை. அப்டேட் எதைக் கெடுத்தது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டிலேயே இசை கோர்க்கிறவர்கள் பலரிடம் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். அப்டேட் அநேகமாக எதையும் கெடுக்கவில்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று புரிய, கம்பியே இல்லாத ஒரு கம்பி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். மிடி என்பது இசைக் கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் மொழி. அதில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டும் போகிறது. 1983 ஜனவரியில், அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600 சிந்தசைசரையும் ரோலண்டின் ஜூபிட்டர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். அந்த கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். 1 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 32-ஆல் வகுத்தால் வரும் எண் அது. ஒரு பைட் போக 320 மைக்ரோநொடி. நடு ஸ்தாயி 'சி'யை அழுத்தினால் 144, 60, 100 என்று மூன்று பைட் போகும்: முதல் சேனலில் சுரம் தொடங்குகிறது, கட்டை எண் 60, அழுத்தம் 100. ஆக ஒரு சுரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிநொடி.

இப்போது இசை கோர்க்கும் மென்பொருளும், ஒலி எழுப்பும் சிந்த் மென்பொருளும் ஒரே கணினிக்குள் இருக்கின்றன. நடுவே செருக பிளக்கும் இல்லை, துளையும் இல்லை. அந்த மூன்று பைட் எந்த வழியாகப் போகும்?

உபுண்டுவுக்கு அடித்தளமான லினக்ஸில் இதற்கு விடை கெர்னலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்ளேயே, இருக்கிறது. அல்சா என்ற ஒலி அமைப்பை யாரோஸ்லாவ் கிசேலா 1998-இல் தொடங்கினார். அதன் ஒரு பகுதிக்கு சீக்வென்சர் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். மிடி செய்தி உள்ளே நுழைந்ததும் சீக்வென்சர் அதை 28 பைட் நீளமுள்ள ஒரு நிகழ்வாக மாற்றுகிறது. முதல் பைட் வகை. சுரம் தொடங்குவது என்றால் 6. பிறகு மூன்று பைட்டில் கொடிகள், குறி, எந்தக் காத்திருப்பு வரிசை (க்யூ) என்ற எண். நேரத்துக்கு 8 பைட். அனுப்புநர் முகவரிக்கு 2, பெறுநர் முகவரிக்கு 2. மிச்சமுள்ள 12 பைட்டில்தான் நம் 60-உம் 100-உம் உட்கார்ந்திருக்கின்றன.

பெறுநர் முகவரியைக் கவனியுங்கள். அந்த இடத்தில் கீபோர்டு யாருடைய எண்ணையும் போடுவதில்லை. 254 என்று போடுகிறது. 254 யாருடைய வீட்டு எண்ணும் அல்ல. 'என்னிடம் சந்தா கட்டியிருக்கும் எல்லோருக்கும்' என்று பொருள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சந்தாதாரர் பட்டியலைக் கெர்னல் வைத்திருக்கிறது. 254-ஐப் பார்த்ததும் அந்தப் பட்டியலை வரிசையாகப் படித்து, பெறுநர் இடத்தில் ஒவ்வொருவரின் எண்ணையும் எழுதி, ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு நகலைப் போடுகிறது. தூங்கிக்கொண்டிருக்கும் நிரல் எழுந்து எடுத்துக்கொள்கிறது.

தன்னை யார் கேட்கிறார்கள் என்று கீபோர்டுக்குத் தெரியாது. ஒருவர் கேட்டாலும் ஐந்து பேர் கேட்டாலும் அதன் வேலை ஒன்றுதான். கம்பி என்று நாம் நினைத்துக்கொள்வது உண்மையில் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரி. இழுத்துக் கோடு போட்டால் வரி சேர்கிறது, கோட்டை அழித்தால் வரி போகிறது. 31,250 என்ற வேகத் தடையும் இங்கே கிடையாது. கமகத்துக்காக பிட்ச் வீலை வளைத்து வளைத்து நூற்றுக்கணக்கான செய்திகளை அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. பழைய கேபிளில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும்.

இங்கே உண்மையான கீபோர்டுக்கும் மெய்நிகர் போர்ட்டுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டும் அட்டவணையில் ஆளுக்கோர் எண். அந்த எண் எப்படி வருகிறது என்பதில்தான் வாசகரின் பிரச்சினைக்கு விடை இருக்கிறது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சவுண்டு கார்டுக்கும் ஒரு தளம், ஒரு தளத்துக்கு நான்கு வீடு, வீட்டு எண்கள் 16-இல் தொடங்கும். கார்டு 0-க்கு 16 முதல் 19. கார்டு 1-க்கு 20 முதல் 23. கார்டு 2-க்கு 24 முதல் 27. தளத்தைப் பதிவு செய்து வைப்பதில்லை, முதலில் வந்தவர் காலியாக உள்ள கீழ்த்தளத்தில் குடியேறுகிறார். மென்பொருள்களுக்கு 128 முதல். அங்கேயும் இதே முறைதான்.

மெய்நிகர் போர்ட்டுகளைத் தரும் விர்மிடி என்ற கெர்னல் மாட்யூல், தன்னை ஒரு சவுண்டு கார்டாகவே காட்டிக்கொண்டு நான்கு வீட்டையும் எடுத்துக்கொள்ளும். வாசகர் எப்போதோ ஒருநாள் மோட்ப்ரோப் கட்டளையால் அதைக் கையால் ஏற்றியிருப்பார். கையால் ஏற்றியது கணினியை மறுபடி தொடங்கும்வரைதான் இருக்கும். மடிக்கணினியை மூடி மூடித் திறந்து மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் செய்யாமல் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியவே வராது. பதிப்பு மாறும்போது ரீஸ்டார்ட் கட்டாயம். போர்ட் போனது அதனால்தான். பழி மட்டும் அப்டேட் மேல்.

அடுத்து, கீபோர்டு ஏன் பேசவில்லை? கணினிக்குள்ளேயே இருக்கும் சவுண்டு கார்டு 0 என்று வைத்துக்கொள்வோம். முன்பு யூஎஸ்பி கீபோர்டு அதற்கு அடுத்து வந்து கார்டு 1 ஆகி, 20-ஆம் எண்ணை வாங்கியிருக்கும். விர்மிடி பின்னால் வந்து 24-இல் குடியேறியிருக்கும். இப்போது நிரந்தரமாக இருக்கட்டும் என்று விர்மிடியைத் தொடக்கத்திலேயே ஏற்றினால், அது முந்திக்கொண்டு 20-ஐப் பிடிக்கும், கீபோர்டு 24-க்குப் போய்விடும். '20-ஐ 128-உடன் இணை' என்ற பழைய ஸ்கிரிப்ட் பிழையே காட்டாமல் ஓடும். ஆனால் யாரும் வாசிக்காத காலி போர்ட்டைத்தான் சிந்த்துடன் இணைத்திருக்கும். 128-ஐயும் நம்ப முடியாது. 22.10 முதல் உபுண்டுவில் பைப்வயர்தான் இயல்பான ஒலிச் சேவை. நீங்கள் உள்ளே நுழைந்த கையோடு அதுவும் இந்தப் பட்டியலில் இடம்பிடிக்கும்.

சரிசெய்வது எளிது. ஈடிசி கோப்புறைக்குள் மாட்யூல்ஸ்-லோட்.டி (modules-load.d) கோப்புறையில் ஒரு கோப்பு போட்டு, விர்மிடி மாட்யூலின் பெயரை அதில் ஒரு வரியாக எழுதுங்கள். மோட்ப்ரோப்.டி (modprobe.d) கோப்புறையில் இன்னொரு கோப்பு போட்டு, அந்த மாட்யூலுக்கு இண்டெக்ஸ் 7 என்று கொடுங்கள். கார்டு 7 என்றால் 16 கூட்டல் 28 (ஏழு தளம், தளத்துக்கு நான்கு வீடு). அது எப்போதும் 44-இலேயே இருக்கும், யார் இடத்துக்கும் போட்டிக்கு வராது. போர்ட்டுகளை இணைக்கும் ஏகனெக்ட் கட்டளையில் எண்ணுக்குப் பதிலாகப் பெயரையே கொடுக்கலாம், அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிறகு, வரும் செய்திகளைத் திரையில் காட்டும் ஏசெக்டம்ப்பைக் கீபோர்டின் போர்ட்டில் திறந்து வைத்து நடு ஸ்தாயி 'சி'யை அழுத்துங்கள். 60 என்று திரையில் விழுந்தால் கீபோர்டு வரைக்கும் எல்லாம் சரி, குறை இணைப்பில்.

மேக்கில் ஆடியோ மிடி செட்டப்புக்குள் ஐஏசி டிரைவர் தயாராகவே இருக்கிறது, ஒரு டிக் போட்டால் போதும். போர்ட் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் தருவதால், அதைச் சேமித்து வைக்கும் மென்பொருள்கள் தடுமாறுவதில்லை. விண்டோஸில் நெடுங்காலமாக லூப்மிடி போன்ற வெளியார் மென்பொருள்தான் துணை. அந்த நிரலை மூடினால் போர்ட்டும் போய்விடும். விண்டோஸ் 11-க்காக மைக்ரோசாஃப்ட் எழுதிய புதிய மிடி சேவையில் இது உள்ளேயே வருகிறது.

அப்டேட் செய்ய நல்ல நேரம் பார்க்கிற ஸ்டுடியோக்காரர்கள் உண்டு. மெய்நிகர் போர்ட் வழியாகப் போனால் 'சவுண்டு மெலிகிறது' என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. 60 என்ற எண் மெலிந்து 59 ஆவதில்லை. இன்னொரு பக்கம், 2023-இல் லினக்ஸ் 6.5-இல் மிடி 2.0 வந்தபோது, பழைய மிடி நிரல்களும் அதே சீக்வென்சரில் தொடர்ந்து ஓடும்படி பார்த்துக்கொண்டார்கள். தகாஷி இவாய் போன்ற ஒரு சிலர் ஆண்டுக்கணக்காகச் செய்யும் பராமரிப்பு அது. நம் பல்கலைக்கழகங்களில் இந்த வகை வேலைக்கு நிதி கேட்டுப் பாருங்கள், "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள் என்பது என் எண்ணம். கெடாமல் ஓடுவதற்கும் காசு ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இணைத்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். வந்த செய்தியை அப்படியே வெளியே அனுப்பும் மிடி த்ரூ என்ற 14-ஆம் எண் போர்ட்டைத் தெரியாமல் அதனுடனேயே இணைத்துவிட்டால் செய்தி முடிவில்லாமல் சுற்றாதா? சுற்றாது. ஒரு நிகழ்வு கெர்னலுக்குள் எத்தனை கை மாறுகிறது என்று சீக்வென்சர் எண்ணிக்கொண்டே வரும். பத்தானதும் அதைக் கைவிட்டுவிடும். ஆனால் செய்தி ஒரு மென்பொருளுக்குள் போய் வெளியே வந்தால் அது புது நிகழ்வு, எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரே மெய்நிகர் போர்ட்டை உள்ளீடாகவும் வெளியீடாகவும் வைத்திருந்தால், இசை மென்பொருளில் வந்த செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும் வசதியை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் ஒரு கட்டையைத் தொட்டதும் கணினியே திணறிப்போகும்.